கிறுகிறுப்புக்கு மாத்திரையா, தலையைத் திருப்பும் வைத்தியமா?

படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் போதும், மின்விசிறியோடு சேர்ந்து வீடே சுற்றும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் கிடந்தால் அடங்கிவிடும். பரணில் டப்பா எடுக்க அண்ணாந்தால் மறுபடி. என் அத்தை இதைப் பித்தம் என்று நம்பி ஒரு வாரம் இஞ்சிச் சாறு குடித்தார்.

கோளாறு இருந்தது உள்காதில். அங்கே சமநிலை உணர்வுக்கு உதவும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித்தான் சுற்றும். தலை அசையும்போது திடீரென வந்து போகும் இந்தச் சுற்றலை பி.பி.பி.வி. (Benign Paroxysmal Positional Vertigo) என்பார்கள்.

முதலில் கைக்கு வருவது மாத்திரை. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் இரண்டும் குமட்டலை அடக்கும், சரி. ஆனால் குழாய்க்குள் போன துகளை எந்த மாத்திரையும் வெளியே தள்ளாது. சின்னரிசின் தூக்கம் வரவழைக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் வயதானவர்களுக்குக் கைநடுக்கம்கூட வரலாம். பீட்டாஹிஸ்டின் பெரும்பாலும் மெனியர் நோய்க்கானது. அதில் காது அடைக்கும், இரையும், கேட்கும் திறன் குறையும், சுற்றலும் மணிக்கணக்கில் நீடிக்கும்.

அடுத்தது, தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளைக் குழாயிலிருந்து வெளியேற்றும் எப்லி முறை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் இதை விரிவாக வெளியிட்டார். அத்தையின் தலையை மருத்துவர் வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டார். கண்கள் வெடுக் வெடுக்கென்று துடித்தன. எந்தக் காது என்று காட்டிக்கொடுப்பது அந்தத் துடிப்புதான். அது நின்றதும் தலையை இடப்பக்கம் 90 டிகிரி, அப்புறம் முகம் தரையைப் பார்க்கும்படி உடம்போடு இன்னொரு 90, கடைசியில் எழுந்து உட்காருதல். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் வரை. மருந்துச் செலவே இல்லை.

வீட்டில் தனியாகச் செய்ய பிராண்ட்-டாராஃப் பயிற்சி உண்டு: உட்கார்ந்து, இரு பக்கமும் மாறி மாறிச் சாய்வது. நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். பொறுமை வேண்டும், பலனும் எப்லி அளவுக்கு இல்லை.

என் ஓட்டு எப்லிக்கே. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ இதில் எதையும் முயலாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

இது திரும்பவும் வரக்கூடியதுதான். அத்தைக்கு அடுத்த வருடமே வந்தது. இந்தத் தடவை இஞ்சியைத் தேடவில்லை, "அதே வலது காதுதான்" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.