ஒன்பதாவது பாட்டும் டி டபுள் ஈயும்

லண்டன் ராப் பாடகர் கேனோவின் ‘ஹூடீஸ் ஆல் சம்மர்’ ஆல்பம் 2019 ஆகஸ்டில் வந்தது. மொத்தம் பத்துப் பாட்டு. இன்றைக்கும் நான் ஒன்பதாவதான ‘கிளாஸ் ஆஃப் டேஜா’வைத்தான் முதலில் போடுகிறேன்.

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் எனக்கு வேலை. விடிய ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கிப் பெட்டிகளை இறக்கும்போது கேளுங்கள் சித்தப்பா என்று பெறாமகன்தான் இதைப் போனில் ஏற்றித் தந்தான். கேனோ ஈஸ்ட் ஹாமில் பிறந்தவர் என்றும் சொன்னான். நான் தினமும் நடக்கிற இடத்துப் பிள்ளை என்றதும் காது தானாகத் திரும்பிவிட்டது.

ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘ட்ரபிள்’, ‘டியர்ட்ராப்ஸ்’ இரண்டையும்தான் சொல்வார்கள். நியாயம்தான். இளம் பிள்ளைகளைத் தெருச் சண்டைக்குப் பறிகொடுக்கும் ஊரின் துக்கம் ‘ட்ரபிள்’ முழுக்க இருக்கிறது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்க்குரி விருதின் 2020 இறுதிப் பட்டியலிலும் ஆல்பம் இடம்பிடித்தது. ஜமைக்கப் பாடகர் பாப்கான் வரும் ‘கான்ட் ஹோல்ட் வி டவுன்’ மட்டும் என்னிடம் ஒட்டவில்லை.

ஆனால் ‘கிளாஸ் ஆஃப் டேஜா’! டேஜா வூ என்பது கிழக்கு லண்டனில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய பைரேட் வானொலி. கிரைம் (grime) என்ற லண்டன் ராப் இசை வளர்ந்தது இந்த மாதிரி நிலையங்களில்தான். நிமிடத்துக்கு 140 தட்டு ஓடும் பீட், சின்ன அறை, மைக்குக்குக் காத்திருக்கும் எம்சிக்கள், அதாவது ராப் பாடுகிறவர்கள். ஒருவர் சொன்ன வரி எல்லோரையும் உலுக்கிவிட்டால் டிஜே இசைத்தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். அதற்குப் பெயர் ரீலோட். கேனோ, கெட்ஸ், டி டபுள் ஈ மூவரும் நாஸ்டி க்ரூ என்ற ஒரே கூட்டத்தில் இருந்தவர்கள். இந்தப் பாட்டில் அந்த அறையைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மைக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

மற்ற இருவரும் சொற்களைக் கொட்டுகிறார்கள். டி டபுள் ஈ அவசரப்படுவதே இல்லை. பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையின் அடியிலிருந்து எழும் குரலில் ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார். சாதாரணச் சொற்கள்தான். ஒரே இயைபைப் பிடித்து, விடாமல், அடுத்த வரியிலும் அதிலேயே வந்து இறங்கும்போது தக்காளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். அந்த வேகத்துக்குள் இவ்வளவு நிதானம் எங்கிருந்து வருகிறது! தொண்ணூறுகளில் ஜங்கிள் என்ற நடன இசையின் காலத்திலேயே மைக் பிடித்தவர், முதல் தனி ஆல்பமான ‘ஜாக்கூம்!’ வந்ததோ 2018இல். அத்தனை வருடமும் அந்தக் குரலில் கேட்கிறது.

அதே 2019இல் ஐக்கியா மரச்சாமான் கடையின் கிறிஸ்துமஸ் விளம்பரத்தில் அலங்காரப் பொம்மைகள் ராப் பாடினவே, அந்தக் குரலும் இவருடையதுதான். என் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பொம்மைகளைத் தெரியும், இந்த வரிகளைத் தெரியாது. எனக்கு அது மனக்குறை.

வாங்கலாமா என்று கேட்டால், கட்டாயம் வாங்குங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், அடித்தள பேஸ் ஒலி முழுவதும் போய்விடும். நான் இரண்டு வாரம் அப்படித்தான் கேட்டேன். அப்புறம் பெறாமகனின் காரில் ஒன்பதாவது பாட்டைப் போட்டோம். டி டபுள் ஈ முடித்ததும் அவன் ஒன்றும் பேசாமல் பாட்டை முதலுக்கு இழுத்தான்.