புளியரை தாண்டினால் படுத்துவிடும் போன்: மாற்றலாமா, வைத்தே ஓட்டலாமா?

வாரத்தில் நாலு நாள் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு மலை தாண்டிக் கேரளத்துப் புனலூர் போகிறவன் நான். வீடு செங்கோட்டை. போன் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. 5000 எம்ஏஎச் பேட்டரி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விடியற்காலை நூறு சதவீதத்தோடு கிளம்பினால் ஆரியங்காவு வருவதற்குள் நாற்பதாகிவிடும். தென்மலை தாண்டும்போது ஆளே காலி. புனலூர் கடைக்காரர் "அண்ணாச்சீ, எவிடெ எத்தி?" என்று கேட்க நாலு தடவை கூப்பிட்டிருப்பார். அது எனக்குப் புனலூர் போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரியும்.

மச்சான் புதுசு வாங்கச் சொன்னான். தம்பி விலை உயர்ந்த பழைய போன் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். எனக்கோ கைக்காசு போகாமல் வேலை நடக்கணும்.

முதலில் புதுசு. 12,000 ரூபாய்க்கு 5ஜி போன். 2020 ஏப்ரலிலிருந்து மொபைலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதுவும் இதற்குள் அடக்கம். என் போனை எக்ஸ்சேஞ்சில் 1,800-க்குத்தான் கேட்டார்கள். மச்சான் வாங்கியே விட்டான். வேகம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மலைப் பாதையில் என்னோடு ஒருநாள் வந்தான். என் போனில் சிக்னல் விழுந்த அதே வளைவில் அவன் போனிலும் விழுந்தது. 5ஜி என்று எழுதியிருந்தாலும் அங்கே கிடைப்பது என்னவோ அதுதானே கிடைக்கும்!

தம்பி சொன்ன செகண்ட் ஹேண்ட் போனில் கேமரா அருமை. ஆனால் அதன் பேட்டரிக்கும் வயசாகியிருக்கும். அதை மாற்றலாம் என்றால், ஒரு தடவை கழற்றி மாட்டிய போனில் தண்ணீர் புகாமல் காக்கும் பசை முன்போல ஒட்டும் என்று நம்ப முடியாது. குற்றாலச் சாரல் காலத்தில் எனக்கு அது சரிப்படாது. அப்படியும் வாங்குகிறவர்கள் *#06# அடித்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

இனி என் வழி. கோளாறு எங்கே என்று பார்த்தால், பாதி போனில், பாதி ரோட்டில். புளியரைக்குப் பிறகு தமிழ்நாட்டு டவர் மங்கும், கேரள டவர் இன்னும் சரியாகப் பிடித்திருக்காது. (செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான், போனைக் குறை சொல்லி என்ன செய்ய?) சிக்னல் குறையக் குறைய போன் அதிகச் சக்தி செலவழித்துக் கத்தும், டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். அதிலும் என்னிடம் இரண்டு சிம், ஊருக்கு ஒன்று, கேரளக் கடைக்காரர்களுக்கு ஒன்று. இரண்டும் தேடும்.

மீதிப் பாதி பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி, ஐந்நூறு முழுச் சார்ஜ் வாக்கில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்துவிடுவது சாதாரணம். தினமும் ஒரு சார்ஜுக்கு மேல் போடும் எனக்கு ஒன்றரை வருடத்தில் அது தாண்டிவிட்டது. தேய்ந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தடுக்கும் உள்தடையும் கூடும். திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தால் மின்னழுத்தம் விழும். பதினைந்து சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று அணைவது அதனால்தான்.

1,300 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றினேன். அதோடு 'காலை வணக்கம்' படங்களையும் வீடியோக்களையும் அழித்ததில் 11 ஜிபி காலியானது. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தால் போன் புதிதாக எழுத இடம் தேடித் திணறும், அந்த இழுவை குறைந்தது. 'கூடுதல் ரேம்' என்று ஒரு வசதி இருந்தது, அதை அணைத்துவிட்டேன். அது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் இடம்தான், நிஜ ரேமின் வேகம் வராது.

அப்புறம் 1,500 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன். கேரள சிம்மை அதில் போட்டேன். பெரிய போன் தேட வேண்டிய சிம் ஒன்றாகிவிட்டது. ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்கணும், அவர்களுக்கு 2ஜி சேவையே கிடையாது. மழைத்துளி விழுந்தாலே டச் ஸ்கிரீன் விரல் பட்டதாக நினைத்துக் கண்டதையும் திறக்கும். பட்டனுக்கு அந்தக் குழப்பமில்லை, ஈரக் கையோடு எடுத்துப் பேசலாம். சார்ஜ் நாலு நாள் நிற்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்து என் பிழைப்பு ஓடாது. பட்டன் போனிலும் பணம் அனுப்ப 2022-இல் வந்த யுபிஐ 123பே இருந்தாலும், இந்தப் பட்டன் போனில் கியூஆர் ஸ்கேன் செய்ய வழியில்லை. பில்லைப் படம் எடுத்து அனுப்பவும் முடியாது.

ஆக 2,800 ரூபாய் செலவு. எக்ஸ்சேஞ்ச் கழித்தும் புதுசுக்கு 10,200 ஆகியிருக்கும். இப்போது புனலூர் போய்ச் சேரும்போது அறுபது சதவீதம் மிச்சம். என் கணக்கில் இதுதான் ஜெயித்தது. ஓயாமல் படம் பிடிக்கிறவர்கள் தம்பி பேச்சைக் கேட்கலாம்.

என் கேமரா அதே மங்கல்தான். போன வாரம் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தை ரயிலோடு சேர்த்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "எந்தக் காட்டுல நிக்கீய?" என்று கேட்டாள் மனைவி.