80 ரூபாய் சார்ட்டும் இரண்டு குறைகளும்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் மகளுக்காக டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் மெட்ரிக் முன்னொட்டுகள் (கிலோ, மில்லி மாதிரி அளவுக்கு முன்னால் ஒட்டுபவை) சார்ட் வாங்கினேன். 80 ரூபாய். லேமினேஷன் கெட்டி, கிரீஸ் கை பட்டாலும் துடைத்தால் போய்விடுகிறது.

மைக்ரோவுக்கு நேரே தலைமுடிப் படம் போட்டு, சுமார் 70 மைக்ரான் என்று எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷாஃப்டில் 20 மைக்ரான் கூடினாலே பேரிங் ஏற மறுக்கும். அது முடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று பட்டறைப் பையன்களுக்கு இதைக் காட்டித்தான் சொல்கிறேன்.

ஆனால் மில்லிக்கும் மெகாவுக்கும் ஒரே பெரிய எம் அடித்திருக்கிறார்கள். மில்லிக்குச் சின்ன எம் அல்லவா வேண்டும்? நூறு கோடி மடங்கு வித்தியாசம், சாமி! பேனாவால் நானே திருத்தினேன்.

அப்புறம், பட்டியல் யோட்டாவோடு (1-க்குப் பின் 24 பூஜ்ஜியம்) நின்றுவிடுகிறது. "இது பழசுங்ப்பா" என்றாள் மகள். 2022 நவம்பரில் பிரான்ஸில் கூடிய எடை, அளவுகள் பொது மாநாட்டில் ரோனா, குவெட்டா, ரோன்டோ, குவெக்டோ என நான்கைச் சேர்த்துவிட்டார்கள். ரோனா என்றால் 1-க்குப் பின் 27 பூஜ்ஜியம். பூமியே சுமார் 6 ரோனாகிராம்தான். அடியில் இருந்த வெள்ளை இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் அவளே எழுதிவிட்டாள்.

கடைக்காரரிடம் சொன்னேன். "அடுத்த லோடுல புதுசு வருமுங்க" என்றார்.