பாரிஸா, ஸ்டுட்கார்ட்டா?

சாதி, பாலினம், உடல் என்று அடையாளத்தை மேடையில் பேசும் சென்னைக் கலைஞர்களுக்கு, வெளிநாட்டில் சில காலம் தங்கிப் படைக்கும் உறைவிட வாய்ப்புகளில் இரண்டு இவை.

பாரிஸின் சித்தே அந்தர்நாசியோனால் தெசார் 1965 முதல் இயங்குகிறது. அங்கே 300க்கும் மேற்பட்ட ஸ்டுடியோக்கள். பல நாட்டுக் கலைஞர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். பறையோ கூத்தோ, அவர்களோடு விவாதித்து வளரும். அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் பண உதவி திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் அகாடமி ஷ்லோஸ் சாலிட்யூட் 1990இல் தொடங்கியது. அரண்மனை வளாகம், அமைதி, உதவித்தொகை. தனியே எழுத ஏற்றது.

சக்கர நாற்காலி வசதி, சைகைமொழி பெயர்ப்பாளர், உதவியாளர் செலவு, இதையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே இரு இடத்திலும் தயங்காமல் கேளுங்கள். அப்புறம் விசா: 90 நாளைத் தாண்டினால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகியகால விசா போதாது.