சுப்பர்குறொஸ் பார்க்க மட்டக்களப்பிலிருந்து ஒரு வான் பயணம்

கல்லடியைச் சேர்ந்த வான் உரிமையாளர் ஒருவர், புழுதித் தடங்களில் நடக்கும் மோட்டார் ஓட்டப் போட்டிகளுக்கு மட்டக்களப்பிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்று அன்றிரவே வீடு சேர்க்கிறார். மேடும் வளைவுமாக அமைத்த மண் தடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும் சுப்பர்குறொஸ் போட்டியொன்று வட மத்திய மாகாணத்தில் நடந்தபோது, அதற்கு நானும் என் மருமகன்மார் இருவரும் அவருடைய வானில் சென்று வந்தோம். ஒருவருக்கு 3,000 ரூபா. சாப்பாடு நம் செலவு.

அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். புணானையைத் தாண்டியதும் யானை வீதிக்கு வரும் என்று வேகத்தைக் குறைத்தவர், பின்னாலிருந்த இளைஞர்கள் எவ்வளவு அவசரப்படுத்தியும் வெலிக்கந்தை வரை அந்த வேகத்தை மாற்றவில்லை. அப்போதே இவரை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

மைதானத்தை அடைந்ததும் வானின் கதவைத் திறக்குமுன், பழைய காட்போட் மட்டையொன்றில் தடத்தைக் கீறிக் காட்டினார். "தம்பிமார், வளைவுக்கு வெளிப்பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது. மேட்டிலிருந்து பாயிற இடத்துக்கு நேரேயும் நிக்கக் கூடாது" என்றார். வளைவில் பிடி விடும் வாகனம் வெளிப்புறமாகவே வழுக்கிச் செல்லும் என்பதைப் பதினைந்து வயது மருமகனுக்கு விளங்கும்படி விரலால் இழுத்துக் காட்டினார். இந்தச் சேவையில் நான் பெரிதாக மதிப்பது அந்த ஐந்து நிமிடங்களைத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. தியத்தலாவையில் 1993 முதல் நடைபெற்று வந்த பொக்ஸ் ஹில் சுப்பர்குறொஸ், சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்து 2024 ஏப்ரல் 21ஆம் திகதி மீண்டும் நடந்தபோது, தடத்தை விட்டு விலகிய காரொன்று மக்கள் கூட்டத்திற்குள் புகுந்ததில் எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதற்குச் சற்று முன் வேறொரு கார் தடத்தோரத்தில் கவிழ்ந்திருந்ததால், வேகத்தைக் குறைக்கும்படி மஞ்சள் எச்சரிக்கை காட்டப்பட்டிருந்தது. 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்ற மோட்டார் ஓட்டம் தொடங்கிய காலத்தில் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்காக இருந்த இந்த விளையாட்டு, பின்னர் படையினரின் மைதானங்களுக்கு வந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் திரளும் திருவிழாவாகிவிட்டது. கூட்டம் பெருகிய அளவிற்கு, அந்தக் கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்ற சிந்தனை பெருகவில்லை.

நாங்கள் பார்த்த போட்டியில் அந்தச் சிந்தனை ஓரளவு தெரிந்தது. வேலி தடத்திலிருந்து நன்கு தள்ளிப் போடப்பட்டிருந்தது. பிரதான வளைவில் டயர் அடுக்குகள் இருந்தன. ஓட்டங்களுக்கிடையே பவுசர் தண்ணீர் தெளித்ததால் புழுதி அடங்கி, ஓட்டுநர்களுக்கு முன்னே இருப்பது தெரிந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு முன்னே நிமிர்ந்து நிற்கும் தொடக்க வாயில் ஓட்டுநரை நோக்கிப் பின்புறமாக விழுவதால், அவசரப்பட்டு முந்துபவரின் சக்கரம் அதிலேயே தடைப்படும் என்பதை மருமகன்மார் அன்றுதான் நேரில் கண்டார்கள்.

ஆனால் ஒலிபெருக்கியில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே ஒலித்தன. மதியத்திற்குப் பின் ஒரு பக்கத்து வேலியை விட்டு விலகும்படி மூன்று முறை அறிவித்தார்கள்; சிங்களம் தெரிந்தவர்கள் உடனே பின்வாங்க, எங்கள் பகுதியிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் பலர் இடம் கிடைத்ததென்று முன்னே நகர்ந்தார்கள். அவர்களை வான்காரர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. யார் வென்றார் என்பது எந்த மொழியில் வந்தாலும் பரவாயில்லை. விலகி நில்லுங்கள் என்பது தமிழிலும் வந்தே ஆக வேண்டும். கிழக்கிலிருந்து வான் வானாக ஆட்கள் வருவதைக் காணும் ஏற்பாட்டாளர்கள், ஒரு தமிழ் அறிவிப்பாளரையும் வேலியோரத்தில் சில தமிழ்ப் பலகைகளையும் வைப்பதைப் பெரிய செலவாகக் கருத முடியாது.

வானைப் பற்றி எனக்கு ஒரு குறைதான். கடைசி வரிசையில் இரண்டு இருக்கைகளுக்குப் பாதுகாப்புப் பட்டி இல்லை. தடத்தருகே அவ்வளவு கவனமாக இருக்கும் மனிதர் இதை விட்டு வைத்திருக்கக் கூடாது என்று அவரிடமே சொன்னேன். அடுத்த பயணத்திற்கு முன் பூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுடன் செல்பவர்கள் அதுவரை முன் வரிசைகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.