எச்சரிக்கை: அரை மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டினேன், சமைக்க வேண்டியவர் அங்கே இல்லை

என் அரை மாதச் சம்பளத்தை நானே என் கையால், நன்றியும் சொல்லி, முன்பே அனுப்பிவிட்டு, ஓர் உணவகத்துக்குச் சாப்பிடப் போய் ஏமாந்து வந்து இன்றோடு ஆறு நாள்கள் ஆகின்றன. இந்த ஆறு நாள்களில் பதினான்கு முறை தொலைபேசியில் அழைத்தும், நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பியும், ஒருமுறை நேரில் போய் வாசலில் நின்றும் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை. இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வங்கியில் புகார் பதிவாவதற்கு முன்பாக அவர்கள் வக்கீல் கடிதம் அது இது என்று கிளம்புவதை நான் விரும்பவில்லை. குடியிருப்புத் தெருவுக்குள் பத்துப் பன்னிரண்டு மேசைகளோடு இருப்பது, அடிக்கடி உணவுப் பட்டியலை மாற்றுவது, நாம் தினம் பார்க்கும் காய்களை வைத்தே நாம் நினைத்துப் பார்க்காத சுவையைக் கொண்டுவந்து நிறுத்துவது: அந்த வகை உணவகம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இப்படிப்பட்ட இடத்துக்குப் பெரிய தொகை கட்டிப் போக நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதுமைச் சமையல் என்றாலே முகம் சுளிப்பவன் அல்ல நான். இரண்டு ஆண்டுகளாக அந்த உணவகத்தின் வாடிக்கையாளன். அங்கே என்னைக் கட்டிப்போட்டது ஒரு பீட்ரூட். முழுக் கிழங்கை உப்புக்குள் புதைத்துச் சுட்டு, தாள்போலச் சீவி, மேலே கருக்கிய வெண்ணெயைச் சொட்டுவிட்டுத் தருவார்கள், அவ்வளவுதான். வாயில் வைத்தால், முதல் மழை விழுந்த தரையில் முகத்தை வைத்தது போலிருக்கும். ஏன் இப்படி என்று கேட்டபோது அப்போதிருந்த தலைமைச் சமையற்காரர் தாமே மேசைக்கு வந்து, மழை மண்ணின் வாசனைக்கும் பீட்ரூட்டின் மண் வாசனைக்கும் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரே சேர்மம்தான் என்றும், புளிப்பு பட்டால் அது சிதைந்துவிடும் என்பதால் பலரும் வினிகரை விட்டு அந்த வாசனையைப் போக்கிவிடுகிறார்கள், தாம் அதைக் காப்பாற்றுவதற்காகவே புளிப்பின் பக்கம் போவதில்லை என்றும் விளக்கினார். ஒரு காய்க்காக இவ்வளவு யோசிக்கிற மனிதர் இருக்கும் இடத்தில் ஏமாற்று நடக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அப்பா பணி ஓய்வு பெற்றதைக் கொண்டாட அம்மா, அப்பா, அக்கா, அத்தான், என் மனைவி, நான் என ஆறு பேருக்கும் பதினொரு சிறு பதார்த்தங்கள் கொண்ட டேஸ்டிங் மெனுவை முன்பதிவு செய்யலாம் என்று முடிவு செய்தேன். முழுத் தொகை என் மாதச் சம்பளத்தில் சரிபாதி. ஐந்தில் ஒரு பங்கை முன்பதிவுச் செயலி வழியாக அட்டையில் கட்டினேன். மீதியைச் சாப்பிட்ட பிறகு கட்டினால் போதும் என்று செயலியில் தெளிவாக எழுதியிருந்தது.

மறுநாள் மேலாளர் அழைத்தார். எப்போது போனாலும் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர். அப்பாவுக்கு முட்டி வலி என்று ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்து, அடுத்த முறை படியேறத் தேவையில்லாத மேசையைத் தந்தவர். ஆறு பேருக்கான பொருள்களை இப்போதே வரவழைக்க வேண்டியிருக்கிறது, மீதியையும் முன்பே கொடுத்துவிட்டால் உதவியாக இருக்கும், செயலி வழியாகப் போட்டால் அவர்கள் தரகு பிடித்துக்கொள்வார்கள், அதனால் நேரடியாக இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். ஏதாவது தவறிப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நீ கேட்டிருக்க வேண்டும்" என்று இதுவரை மூன்று பேர் எனக்குப் புத்தி சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்தார். "சார், நீங்கள் நம் வீட்டு ஆள். உங்களிடம் போய் நான் விதிமுறை பேசுவேனா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நம்மை உறவாக நினைக்கிற மனிதரிடம் ரசீது கேட்டுச் சின்னத்தனமாக நடந்துகொண்டோமே என்று, அவர் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காகவே, அலைபேசியைக் கீழே வைப்பதற்குள் பணத்தை அனுப்பினேன். கணக்கு உணவகத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

முன்கூட்டியே முழுப் பணம் வாங்குவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. சிகாகோவில் 2011-இல் திறந்த நெக்ஸ்ட் என்ற உணவகம் மேசைகளை நாடகச் சீட்டுபோல முன்பணத்துக்கு விற்றது. மேசையைப் பிடித்து வைத்துவிட்டு வராமல் போகிறவர்களால் சிறிய உணவகங்களுக்கு ஏற்படும் இழப்பு உண்மையானது, அந்த முறையில் நியாயமும் இருக்கிறது. சீட்டு விற்றவர், விளம்பரப்படுத்திய நடிகர் ஊரிலேயே இல்லை என்பதை மறைத்து மேடையைத் திறந்தால் அதற்கு என்ன பெயர்?

சனிக்கிழமை இரவு. முதல் பதார்த்தமாகத் தக்காளி முத்துகள் வந்தன. தக்காளிச் சாற்றில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கலந்து, கால்சியம் கரைசலில் சொட்டுச்சொட்டாக விட்டால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே சாறு அப்படியே நிற்கும். ஸ்பெயினின் எல் புல்லி உணவகம் உலகெங்கும் பரப்பிய வித்தை அது. கரைசலிலிருந்து எடுத்துக் கழுவிய பிறகும் அந்த இறுக்கம் உள்நோக்கிப் போய்க்கொண்டேயிருக்கும் என்பதால், செய்த சில நிமிடங்களுக்குள் பரிமாறியாக வேண்டும். இதையும் முன்பு அதே இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். அன்று என் தட்டிலிருந்த முத்தைக் கரண்டியால் அழுத்தினேன். உடையவில்லை, வழுக்கி ஓடியது. கத்தியால் வெட்டிப் பார்த்தேன். நடுப்பகுதிவரை திண்ணென்று, ரப்பர்போல இருந்தது. எப்போதோ செய்து வைத்ததை எடுத்து வந்திருக்கிறார்கள். அம்மா ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றுவிட்டு, யாரும் பார்க்காதபோது கைத்துணியில் துப்பியதை நான் பார்த்தேன்.

அடுத்து, கண்ணாடி மூடிக்குள் வெண்புகை சுழல ஒரு காளான் வந்தது. முன்பெல்லாம் அதே மூடிக்குள் மரக்கட்டைப் புகையை அடைத்துக் கொண்டுவருவார்கள். திறந்த கணத்தில் காளானில் அந்த வாசனை ஏறியிருக்கும். இது உலர்பனியிலிருந்து, அதாவது உறைந்த கரியமில வாயுவிலிருந்து, எழுந்த மூட்டம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தெரிகிற வெண்மை அது, அதற்கு வாசனையும் கிடையாது, சுவையும் கிடையாது. அத்தான் படம் எடுத்துக்கொண்டார். காளான் வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

மூன்றாவதாகப் பீட்ரூட். தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே வினிகர் நெடி வந்துவிட்டது. ஒரு துண்டை வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அடுப்படியில் இருப்பது அவர் இல்லை. இரண்டு ஆண்டுகள் அதே கிழங்கைத் தின்றவனுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நாக்கு தேவையில்லை. அப்பா மட்டும் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று இரண்டு முறை சொன்னார். அவர் ஒன்றை இரண்டு முறை சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கை கழுவும் சாக்கில் எழுந்து போனேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஓர் இளைஞர் கத்தரிக்கோலால் நெகிழிப் பைகளை வெட்டி, உள்ளிருந்ததைத் தட்டில் சரித்துக்கொண்டிருந்தார். காற்று நீக்கிய பையில் இட்டு, அளந்த சூட்டு நீரில் பொறுமையாக வேகவைப்பது மதிப்பான முறைதான்; அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பைகளின் மேல் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது, அதில் வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. எங்கோ மொத்தமாகச் செய்து பையில் அடைத்ததை இங்கே சூடாக்கிப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

பரிமாறிய பையனிடம், செஃப் உள்ளே இருக்கிறாரா, ஒரு நிமிடம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்கு முன்பு மேலாளர் நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் போய் ஐந்து வாரமாகிறதே சார், உங்களிடம் சொல்லவில்லையா?" என்றான். நான் பணம் கட்டியது மூன்று வாரங்களுக்கு முன்பு. அதாவது மேலாளர் என்னை "வீட்டு ஆள்" என்று அழைத்த அன்று, அந்த அடுப்படி காலியாகி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. மேசைமேல் இருந்த பட்டியல் அட்டையிலோ சனிக்கிழமை இரவுகூட அவர் பெயர்தான் மேலே பொன்னிற எழுத்தில் இருந்தது.

பதினொன்று என்று சொன்னவை ஏழோடு நின்றுவிட்டன. தண்ணீருக்குத் தனி பில் வந்தது. அதையும் கட்டிவிட்டு வெளியே வந்தோம். வீடு வந்து சேர்ந்ததும் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தார். அரை மாதச் சம்பளம் கட்டிச் சாப்பிடப் போன ஆறு பேரும் இரவு பதினொரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பசியாறினோம்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னை இதை எழுத வைத்தவை. ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன்; மேலாளர் விடுப்பு என்றார்கள். திங்களன்று அழைத்தேன், கூட்டத்தில் இருக்கிறார், அவரே அழைப்பார் என்றார்கள். செவ்வாயன்று வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார், என் குரலைக் கேட்டதும் "சார், சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிட்டார். புதனன்று நேரில் போனேன். எப்போதும் வாசல்வரை வருகிறவர் அன்று கல்லாவை விட்டு நகரவில்லை. பட்டியல் மாற்றத்துக்கு உட்பட்டது என்று அட்டையின் அடியில் அச்சிட்டிருக்கிறது என்றார். சமையற்காரரும் மாற்றத்துக்கு உட்பட்டவரா என்று கேட்டேன். "உங்கள் குடும்பத்தார் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள் அல்லவா, அப்பா நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகப் பையன் சொன்னானே" என்றார். என் தந்தையின் பெருந்தன்மையை எடுத்து எனக்கு எதிராகவே சாட்சி வைத்தார். இந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியாது. கடைசியில் ஒரு கூப்பனை நீட்டினார். முப்பது நாள்களுக்குள், அதே இடத்தில், இருவருக்கு, வார இறுதி நீங்கலாக. அதை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

செயலிக்காரர்களின் பதில் இன்னும் சுருக்கம். அவர்கள் வழியாகக் கட்டிய ஐந்தில் ஒரு பங்குக்கு உணவகத்தைக் கேளுங்கள் என்றார்கள். உணவகம் அதைச் செயலியிடம் கேட்கச் சொன்னது. நேரடியாக அனுப்பிய ஐந்தில் நான்கு பங்குக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை, செயலிக்கு வெளியே பணம் அனுப்பக் கூடாது என்று விதிமுறையிலேயே இருக்கிறது என்றார்கள். இருக்கிறது. நேற்று இரவு முதல் முறையாகப் படித்தேன்.

வங்கியில் கிடைத்த பதிலும் அதையேதான் சொல்கிறது. அட்டையில் கட்டிய பகுதிக்கு, சொன்னது ஒன்று கொடுத்தது வேறு என்ற அடிப்படையில் மறுப்புப் பதிவு செய்து, பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நானே மனமுவந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆக அரை மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் வழி உண்டு. மீதியை மறந்துவிடுங்கள் என்று அந்த ஊழியர் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் சொன்னார்.

மற்றவர்களுக்கு விரிவாக யோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. செயலியில் தொடங்கிய கணக்கைச் செயலிக்கு வெளியே முடிக்காதீர்கள், தரகைக் காரணம் காட்டினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஒருவருடைய கைப்பக்குவத்துக்காகப் போகிறீர்கள் என்றால், அன்று அவர் சமைக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் தட்டு சரியில்லை என்றால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். என்னைப்போல ஏழாவதுவரை மரியாதைக்காக மென்றுகொண்டிருக்காதீர்கள்.

அட்டை மறுப்புக்குக் கெடு உண்டு, வங்கிக்கு வங்கி அது மாறும் என்பதால் இன்றைக்கே பதிவு செய்யப் போகிறேன். அதற்கு அந்தப் பட்டியல் அட்டையின் படம் வேண்டுமாம், செஃப்பின் பெயர் தெரியும்படி. அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அத்தான் எடுத்த காளான் படத்தின் ஓரத்தில் அட்டை இருக்கிறது, ஆனால் பெயர் இருக்கவேண்டிய இடத்தை அந்த வெண்மூட்டம் மறைத்திருக்கிறது. அக்காவிடம் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.