காலையில் மட்டும் புகையும் சத்தமும் வருகிறதா? இன்ஜினை அவிழ்க்க விடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் பிக்கப், குட்டியானை என்று சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இல்லாத கோளாறுகளைச் சொல்லி ஒரு ஒர்க் ஷாப் எங்களிடம் 42,500 ரூபாய் வாங்கியது. அது போதாதென்று இன்ஜினை இறக்க 85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்டும் எழுதித் தந்தது. வண்டியில் உண்மையில் இருந்தது இரண்டு சின்னக் கோளாறு. இரண்டையும் சரிசெய்ய ஆறாயிரத்துச் சொச்சம்தான் ஆனது.

எங்களுக்கு வாழைக்குலை வியாபாரம். திருவட்டார், குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் மட்டி, ஏத்தன், செவ்வாழை என்று வெட்டி எடுத்து, விடியும் முன்னே நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஓட்டுவது என் வீட்டுக்காரர். கணக்கும் பில்லும் என் பொறுப்பு. வண்டி காமன் ரெயில் டீசல் பிக்கப். எட்டு வருஷம் தாண்டியது.

ஆயில் சர்வீஸ் செய்து வந்த கொஞ்ச நாளில் இது தொடங்கியது. அதிகாலை முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடும். கூடவே சைலன்சரில் குப்பென்று ஒரு புகை, முற்றம் முழுக்கப் பரவுகிற அளவுக்கு. அதுவும் அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், மைலேஜும் குறையவில்லை. புகை தினமும் ஒரே அளவில் வருவதும் இல்லை. ஞாயிறு முழுக்க நின்றுவிட்டுத் திங்கள் காலையில் எடுத்தால் கூடுதலாக வரும். தோட்டத்தில் குலை ஏற்றும்போது இன்ஜினை ஓடவிட்டு ரொம்ப நேரம் நின்றால், கிளம்ப ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு தடவை வரும். இந்த விவரத்தையெல்லாம் என் வீட்டுக்காரர் சர்வீஸ் செய்த அதே ஒர்க் ஷாப்பில் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மெயின் ரோட்டில் பெரிய போர்டு வைத்த கடை. பெயரை இங்கே போடவில்லை, நாங்கள் கொடுத்த மனு நுகர்வோர் ஆணையத்தின் முன்னால் இருக்கிறது. மார்க்கெட் முடித்து வண்டி அங்கே போய்ச் சேரும்போது மணி பத்து ஆகிவிடும், இன்ஜின் நல்ல சூடாக இருக்கும். கடை மெக்கானிக் ஆக்சிலேட்டரை மிதித்து நாலு தடவை ரைஸ் பண்ணிப் பார்த்தார். "புகை ஒண்ணும் காணல்லியே அண்ணே" என்றார். காணாத புகைக்கு உடனே காரணமும் சொன்னார்: "இன்ஜெக்டர் ஊத்துது, அதாக்கும் விஷயம்." டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் நாலையும் கழற்றி, அவற்றைச் சோதிக்கிற பம்ப் ரூமுக்கு அனுப்பியதாகச் சொல்லி 16,500 ரூபாய். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால், "அதெல்லாம் அங்க தரமாட்டாங்க." இது பொய். இன்ஜெக்டரை மிஷினில் போட்டுப் பார்க்கிற பம்ப் ரூமில் ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிக்கிறது, எவ்வளவு ரிட்டர்ன் விடுகிறது என்று கணக்குக் கிடைக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் காலையும் அதே சத்தம், அதே புகை. அடுத்து டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற பாகம். "சீல் போயிட்டு, ஆயிலை இழுக்குது. புதுசு போட்டாத்தான் நிக்கும்." அதற்கு 26,000 ரூபாய். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்றார். நான் பில் இல்லாமல் பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "டர்போ அசெம்ப்ளி - புதியது" என்று எழுதித் தந்தார். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் அந்தப் பில்தான்.

டர்போவுக்குப் பிறகும் எதுவும் மாறவில்லை. அப்போதுதான் கடைசிக் குண்டைப் போட்டார்: பிஸ்டன் ரிங் போய்விட்டது, அந்தச் சத்தம் பேரிங், இன்ஜினை இறக்கிச் சிலிண்டர் போர் வேலை செய்ய வேண்டும், 30,000 அட்வான்ஸ். "இப்படியே ஓட்டினா வழியில கனெக்டிங் ராடு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். எப்.சி.யும் கிடைக்காது, பாத்துக்கிடுங்க." எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், அதனால் அந்தப் பேச்சு யாரையும் பயப்படுத்தும். ஆனால் டீசல் வண்டியின் புகை டெஸ்ட் சூடான இன்ஜினை ரைஸ் பண்ணி எடுப்பது. காலையில் அரை நிமிஷம் வந்து போகிற புகை அதில் தெரியாது. எங்கள் வண்டி புகைச் சான்றிதழ் டெஸ்டில் சுத்தமாகவே பாஸ் ஆகியிருந்தது.

இதற்கிடையே ராத்திரி வண்டியை அங்கேயே நிறுத்துகிறோம், காலையில் நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டோம். ஒரு முறைகூட ஒத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்த வீடியோவையும் முழுதாகப் பார்க்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். கோளாறைக் கண்ணால் பார்க்க மாட்டேன், ஆனால் இன்ஜினை அவிழ்ப்பேன் என்கிறவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவே கூடாது.

அட்வான்ஸ் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு, நாகர்கோவிலில் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வேலைக்குப் பெயர்போன ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கும் முன்னே கேள்வி கேட்டார். எத்தனை மணி நேரம் நின்ற பிறகு வருகிறது? கூலண்ட் குறைகிறதா? ஆயில் எவ்வளவு குறைகிறது? வாசனை எப்படி? பிறகு, "வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. காலையில நான் வந்து சாவி போடுதவரை ஒருத்தரும் தொடப்பிடாது" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் நாங்களும் போனோம். என்னை உள்ளே உட்காரவைத்து, மீட்டரில் சிவப்பாக எரிகிற ஆயில் லைட்டை மட்டும் பார்க்கச் சொன்னார். நல்ல வண்டியில் இன்ஜின் பிடித்த உடனே அந்த லைட் அணைந்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் இன்ஜின் பிடித்த பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தது. கடகடவென்ற சத்தமும் கேட்டது. லைட் அணைந்ததும் சத்தமும் அதே நொடியில் நின்றது. "கண்டீங்களா அக்கா? ஆயில் மேல வந்து சேரதுவரைதான் சத்தம். பேரிங் போயிருந்தா லோடுல கேக்கும், சூட்டுல கேக்கும். இது டைமிங் செயினாக்கும்" என்றார்.

வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட இன்ஜினுக்குள் ஓடுகிற செயின் அது. அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. ஆயில் பில்டருக்குள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு. இன்ஜின் நின்ற பிறகு பில்டரில் இருக்கும் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் அது பிடித்து வைக்கும். அது பிடிக்காவிட்டால் ராத்திரியில் பில்டர் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் பில்டரை நிரப்பி, அப்புறம்தான் மேலே ஆயிலை அனுப்பும். அந்த இரண்டு மூன்று விநாடி செயின் தொங்கிக்கொண்டு அடிக்கும். அவர் எங்கள் பில்டரையும் ஒரு ஒரிஜினல் பில்டரையும் ரம்பத்தால் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரிஜினலில் ரப்பர் மெத்தென்று மடங்கியது. எங்களுடையதில் வெயிலில் கிடந்த பழைய சைக்கிள் டியூப் போல விறைத்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மடிப்புக் காகிதமும் பாதிதான். டூப்ளிகேட். முந்தைய சர்வீசில் அதே ஒர்க் ஷாப் மாட்டியது, ஒரிஜினல் விலை போட்டு. சத்தம் வந்த காரணத்தை மாட்டியவரே அதே சத்தத்தைக் காட்டி இன்ஜினை இறக்கச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: சின்னக் கோளாறுதானே என்று இந்தச் சத்தத்தை விட்டுவைக்காதீர்கள். தினமும் சில விநாடி ஆயில் இல்லாமல் ஓடினால் செயினும் டென்ஷனரும் தேய்ந்து பிறகு நிஜமாகவே பெரிய செலவு வரும். காலையில் மட்டும் சத்தம் கேட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், அப்புறம் நல்ல கடையில் நீங்களே வாங்கிய ஒரிஜினல் பில்டரை மாட்டுங்கள். செல்ஃப் மோட்டாரில் பெண்டிக்ஸ் என்ற பல்சக்கரம் தேய்ந்தாலும் ஸ்டார்ட்டில் கரகரவென்று வரும், ஆனால் அது சாவியைத் திருகும் நேரத்தில் வரும், இன்ஜின் பிடித்த பிறகு அல்ல. கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்.

இனி புகை. சைலன்சர் வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்துக் காட்டினார். கருப்புக் கரி படியவில்லை. பழுப்பாக எண்ணெய்ப் பொட்டுகள். புகையில் நீலச் சாயல், கருகிய ஆயில் வாசனை. விடியற்கால வெளிச்சத்தில் நீலமும் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் மூக்கையும் நம்ப வேண்டும். கண்ணை எரிக்கிற பச்சை டீசல் வாசனையோடு வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. குளிர்ந்த இன்ஜினில் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கோ இன்ஜெக்டரோ பார்க்க வேண்டும். ஒருவித இனிப்பு வாசனையும் கூலண்ட் குறைவதும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திரும்பிப் போகிற புகையைக் குளிர்விக்கிற பாகம்) கசிவு, அதற்கு வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். கரும்புகை காற்று போதாமலோ டீசல் கூடியோ வருவது. ஏர் பில்டரில் தொடங்குங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் காலையில் மெல்லிசாக ஆவி வந்து மறைவது கோளாறே அல்ல.

எங்கள் புகைக்குக் காரணம் வால்வு சீல், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கிற ரப்பர். வயதானால் அந்த ரப்பர் கெட்டியாகிவிடும். வண்டி நிற்கும்போது ஹெட்டில் இருக்கும் ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும், காலை ஸ்டார்ட்டில் அது எரிந்து தீர்ந்துவிடும். ஞாயிறு நின்றால் கூடுதலாக வந்தது அதனால்தான். ரிங் போன இன்ஜின் இப்படி அரை நிமிஷத்தில் அடங்காது, லோடு ஏற்றத்தில் விடாமல் புகைக்கும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார், குப்குப்பென்று காற்று தள்ளவில்லை. ஹீட்டர் பிளக் துளையில் மீட்டர் மாட்டிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தார், நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. "இந்த இன்ஜினையா இறக்கச் சொன்னாம்?" என்று அவருக்கே வருத்தம். ஹெட்டைக்கூட இறக்காமல், அதே துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை ஏற்றி வால்வு விழாமல் நிறுத்தி, சீல்களை மட்டும் மாற்றினார். சத்தமும் போனது, புகையும் போனது.

வேலை நடக்கும்போதே அவர் என்னைக் கூப்பிட்டு டர்போவைக் காட்டினார். மேலே பளபளவென்று சில்வர் பெயிண்ட். துணியில் தின்னர் தொட்டுத் துடைத்ததும் அடியில் பழைய துரு. மேனிபோல்டில் டர்போவைப் பிடிக்கிற நட்டுகளில் துரு உடையவே இல்லை, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. கழற்றாத டர்போவுக்குப் பெயிண்ட் அடித்து 26,000 வாங்கியிருக்கிறார்கள். துடைக்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, அந்த மெக்கானிக்கிடம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

போட்டோவோடு அந்தப் பெரிய போர்டு கடைக்குப் போய்க் கேட்டபோது அவர் முதலில் மறுத்தார், பிறகு "பில்லுல பையன் தப்பா எழுதிட்டான்" என்றார், கடைசியில் 5,000 தருகிறேன் என்றார். வாங்கவில்லை. "இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டுல எடுபடாது" என்றும் மிரட்டினார். அப்படி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது. நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். மாவட்ட ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது. முதலில் வழி கேட்க 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

எந்த ஒர்க் ஷாப்பாக இருந்தாலும், பார்ட் மாற்றுகிறேன் என்றால் பழைய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்னே சொல்லி, எஸ்டிமேட்டிலேயே எழுத வையுங்கள். டர்போ, இன்ஜெக்டர், பம்ப் மூன்றையும் வேலைக்கு முன்பு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சத்தத்துக்கு வீடியோ எடுக்கும்போது ஆயில் லைட் தெரிகிற மாதிரி உள்ளேயிருந்து ஒன்று, சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் வருகிற மாதிரி ஒன்று எடுங்கள்.

மனு கொடுத்தாகிவிட்டது. பில், எஸ்டிமேட், அறுத்த பில்டர், போட்டோ எல்லாம் சேர்த்திருக்கிறேன். இதே மாதிரி உங்களுக்கும் நடந்து, பில் கையில் இருந்தால் நீங்களும் கொடுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், நான் எழுதியதைக் காட்டித் தருகிறேன்.